மார்க்கர் தனக்குப் பார்த்த கியூ

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட மறு வருஷம், ஸ்பிரிங்வெளிப் பாதையில் இருந்த பழைய துரைமார் கிளப்புக்குப் பதுளைக் கடைவீதிக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக ஊருக்குப் போய்விட்டார்கள். டென்னிஸ் ஆடிய இடத்தில் இடுப்பளவுக்கு மானாப்புல் வளர்ந்து கிடந்தது. சமையல்காரன் பண்டாரவளையில் ஏதோ ஹோட்டலில் சேர்ந்துவிட்டான். உள் அறையில் பச்சைத் துணி விரித்த ஸ்னூக்கர் மேசை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் வீரசிங்கமும் இருந்தார்.

வீரசிங்கத்துக்கு அங்கே மார்க்கர் வேலை. காலையில் மேசைத் துணியைத் தூரிகையால் ஒரே பக்கமாக வாரிவிட வேண்டும். பந்துகளைத் துடைக்க வேண்டும். ஆட்டம் நடக்கும்போது குழியில் விழும் வண்ணப் பந்தை எடுத்து அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். புள்ளிகளைப் பலகையில் ஏற்ற வேண்டும். இருபத்திரண்டு வயதில் அந்த வேலைக்கு வந்தவருக்கு இப்போது நாற்பத்தைந்து.

இதற்கெல்லாம் மேலாக அவரிடம் ஒரு தனித் திறமை இருந்தது. பந்தை அடிக்கிற கம்பைத்தான் கியூ என்பார்கள். கிளப் சுவரில் இருபது கியூ சாத்தி வைத்திருந்தது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். புதிதாக ஒருவர் அறைக்குள் வந்தால் வீரசிங்கம் அவருடைய தோளைப் பார்ப்பார், கை நீளத்தைப் பார்ப்பார், வணக்கம் சொல்லும் சாக்கில் உள்ளங்கையைப் பார்ப்பார். பிறகு சுவருக்குப் போய் இருபதில் ஒன்றை எடுத்துவந்து நீட்டுவார். வாங்கிக்கொண்டவர் அதை மாற்றித் தரச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

கிளப்பின் புதிய செயலாளர் ஸரூக், கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருப்பவர். நாள் முழுக்கக் கம்பியும் ஆணிப்பெட்டியும் தூக்கிப் பழகிய கை, எதைப் பிடித்தாலும் கழுத்தை நெரிப்பதுபோலப் பிடிக்கும். வீரசிங்கம் அவருக்கு அடிப்பகுதி தடித்த கியூவாகப் பார்த்துக் கொடுத்தார். முழுதாக மூட முடியாத முஷ்டி தானாகவே இளகி, பந்து நேரே ஓடத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் சுந்தரலிங்கம் ஆறடிக்கு மேல் உயரம், முதுகுப் பிடிப்பு வேறு. அவருக்கு எல்லாவற்றிலும் நீளமான ஒன்று. எட்டி எட்டிக் குனிய வேண்டிய வேலை குறைந்ததும் மனிதர் வாரத்துக்கு நாலு நாள் வந்துவிட்டார்.

அந்த வருஷம் ஆவணியில் பண்டாரவளைக்காரர்களோடு ஒரு போட்டி ஏற்பாடாயிற்று. இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, நாலாவதாக ஆடவிருந்த சர்வேயருக்கு மொனராகலைக்கு மாற்றல் வந்துவிட்டது. மறுநாள் பகலில் கமிட்டிக்காரர்கள் அறையில் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது வீரசிங்கம் ஒரு மூலையில் பந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆள் தேடத் தேவல்ல," என்றார் ஸரூக். "மார்க்கர் ஆடுவார்."

வீரசிங்கத்தின் கையிலிருந்த பந்து அப்படியே நின்றது.

"அவர் மெம்பர் இல்லையே," என்றார் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கிளார்க்காக இருந்த ஒருவர்.

"அப்ப மெம்பராக்குங்க. காலையில துணியப் பாக்கிறேண்டு செல்லிட்டு அவர் அடிக்கிறத நான் ரெண்டு தரம் ஜன்னலால பாத்தீக்கிறேன். நம்ம நாலு பேரும் சேந்தாலும் அவருக்கு ஈடாக மாட்டோம்."

வீரசிங்கத்துக்கு முகம் சூடேறிவிட்டது. தூரிகை போட்டு வாரியபின் துணி சரியாக இருக்கிறதா என்று பார்க்க நாலு பந்து அடித்துப் பார்ப்பது வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு வழக்கம். அந்த நாலு பந்து சில நாட்களில் நாற்பதாகிவிடும். அது யார் கண்ணிலும் படவில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

"என்ன மார்க்கர், ஆடுவீங்களா?"

"நீங்க சொன்னா ஆடுறேங்க, முதலாளி," என்றார்.

"புடிச்ச கியூவ எடுத்துக்கங்க. எது வேணும்டாலும்."

யோசிக்கவே இல்லை வீரசிங்கம். கண்ணாடி அலமாரியைத் திறந்து, தகரக் குழாய்க்குள் இருந்த பெரிய துரையின் கியூவை எடுத்தார். பழைய பெரிய துரை போகும்போது கிளப்புக்கே விட்டுப்போனது அது. மேல்பாதி வெளுத்த ஆஷ் மரம், அடிப்பாதி கன்னங்கரேலென்ற கருங்காலி. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கோபுரம் கோபுரமாகச் செருகி இழைத்திருக்கும். இருபது வருஷம் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்தவர் வீரசிங்கம். அதைக்கொண்டு ஒரு பந்துகூட அடித்ததில்லை. காலையில் அவர் அடித்துப் பார்ப்பதெல்லாம் முந்தின நாள் யாராவது மேசையோரம் சாத்திவிட்டுப் போன கம்பால்தான்.

மறுநாள் காலையில் அதை வைத்துக்கொண்டு குனிந்தார். பந்து நேரே போகவில்லை. போகவேண்டிய இடத்துக்கு ஒரு விரல் இடப்பக்கமாகவே போனது. புதுக் கம்பு, பழகட்டும் என்று நினைத்தார். இரண்டாம் நாளும் அதே கதி. மூன்றாம் நாள் நேராக இருந்த ஒரு சிவப்புப் பந்து குழியின் இரண்டு உதட்டிலும் மோதி வெளியே வந்து நின்றபோது, அவருக்கு வெட்கமாகிவிட்டது. சுற்றிப் பார்த்தார். நல்லவேளை, யாரும் இல்லை. வலது தோள் கடுகடுவென்று வலித்தது.

அன்று சாயங்காலம் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து தோளை நீவிக்கொண்டிருந்தார். மலையில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த அவர் மனைவி பூவம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

"என்னாங்க, தோளப் புடிச்சிக்கிட்டு?"

"கியூ கொஞ்சம் பாரமா இருக்கு புள்ள. பழகிரும்."

"எந்தக் கியூ?"

"பெரிய தொரையோடது."

பூவம்மா உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். கூடையை எடுத்து, தலையில் மாட்டி முதுகில் தொங்கவிடும் அதன் கயிற்றைப் பிரித்து, முடிச்சைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டத் தொடங்கினாள்.

"அத ஏன் அவுக்கிற?"

"இன்னைக்கு என் கூடை ஓட்டையாப் போச்சுன்னு வடிவம்மா கூடைய வாங்கிட்டுப் போனேன். அவ என்னைய விட ஒரு சாண் வளத்தி. கயிறு நீளம். கூடை இடுப்புக்குக் கீழ வந்து இடிக்குது, கழுத்து பின்னுக்கு இழுக்குது. ஒரு நாளைக்கே உயிர் போயிருச்சு. நாளைக்கும் இதத்தான் தூக்கணும், அதான் கட்டுறேன்." முடிச்சைப் பல்லால் இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "அந்தத் தொரை எவ்வளவு ஒசரம்?"

"ஆறடி ரெண்டு இஞ்சி."

"நீங்க?"

வீரசிங்கம் ஐந்தடி இரண்டு அங்குலம். அதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூவம்மா சிரித்துக்கொண்டே கூடையை உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.

ஊரில் உள்ள அத்தனை பேருடைய தோளையும் கையையும் பார்த்தவர், தன்னுடையதை ஒரு தரமாவது பார்த்ததுண்டா என்று யோசித்தார். இல்லை. அந்தக் கருங்காலிக் கியூவை வேறு யாராவது ஐந்தடி ஆள் கேட்டிருந்தால், "அது உங்களுக்குச் சரி வராதுங்க" என்று மரியாதையாகச் சொல்லி அலமாரியைப் பூட்டியிருப்பார். தனக்கென்று வந்தபோது பளபளப்பைப் பார்த்து எடுத்துவிட்டார். நினைக்கச் சிரிப்பு வந்தது.

"இந்தா புள்ள, கொஞ்சம் வா," என்று கூப்பிட்டார்.

வெளிச்சம் இன்னும் இருந்தது. பந்தலுக்கு வைத்திருந்த மூங்கில்களில் நேரான ஒன்றை எடுத்துக்கொண்டு, வாசலில் கிடந்த பெஞ்சின் மேல் பலகைப் பெட்டியை ஏற்றி அதை மேசையாக வைத்துக் குனிந்தார். இடது கை பெட்டி மேல். வலது கை மூங்கிலின் பின்பக்கம்.

"இப்ப என்னா செய்யணும்?"

"ஒரு கயித்துல கல்லக் கட்டிக்க. என் முழங்கை கிட்டப் புடி. கயிறு நேரா தொங்கணும். என் கையி அந்தக் கயித்தோட ஒட்டித் தொங்குதான்னு பாரு. முன்னுக்குப் போகுதா, பின்னுக்குப் போகுதா?"

பூவம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். கல் ஆடி அடங்கும்வரை பொறுத்திருந்தாள். "பின்னுக்குப் போவுது. நல்லாவே போவுது."

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் முன்ன. அங்க. ஆ, அங்கேயே வைங்க."

அடுத்த வீட்டு வடிவம்மா வாசலுக்கு வந்து, புருஷனும் பெண்டாட்டியும் கயிறும் கல்லுமாக நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கை நின்ற இடத்தில் பூவம்மா கரியால் ஒரு கோடு போட்டாள். கைக்குப் பின்னால் ஒன்றரை அங்குலம் விட்டு வீரசிங்கம் இன்னொரு கோடு போட்டார். முனையிலிருந்து அளந்தால் ஐம்பத்து நாலரை அங்குலம் வந்தது. மூங்கிலைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து நின்று பார்த்தார். அந்தக் கோடு சரியாக மோவாய்க்கு நேராக நின்றது. பெரிய துரையின் கியூவோ ஐம்பத்தொன்பது அங்குலம், அவருடைய நெற்றிக்கு வரும். அதைப் பிடித்து அடிக்க அவர் கையைப் பின்னால் இழுத்து இழுத்துத்தான் தோள் இற்றுப்போயிற்று.

காலையில் ஸரூக் கடைக்குப் போவதற்கு முன் கிளப்பில் எட்டிப் பார்த்தபோது, வீரசிங்கம் விஷயத்தைச் சொன்னார்.

"அவ்வளவுதானே? துரையிட கியூவயே வெட்டுங்க," என்றார் ஸரூக். "அவர் திரும்பி வரவா போறார்."

வீரசிங்கம் அதைக் கையில் எடுத்து ஒரு தரம் அடிப்பகுதியைப் பற்றிப் பார்த்தார். வெட்ட அவருக்கு மனம் வராமலில்லை. ஆனால் அந்தத் தடிப்பு அவருடைய சின்ன உள்ளங்கைக்குள் அடங்கவில்லை. விரல் நுனிகள் ஒன்றையொன்று தொடவே முடியவில்லை. "நீளத்த வெட்டலாங்க. தடிப்பு இருக்கே. இது ஆகாது," என்று திரும்ப வைத்துவிட்டார்.

அலமாரிக்குப் பின்னால் கழித்துப் போட்ட கியூக்கள் ஒரு கட்டாகக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மேசைத் துணியில் உருட்டினார். வளைந்த கம்பு உருளும்போது நடுவில் எம்பி எம்பிக் காட்டிக்கொடுத்துவிடும். ஏழாவது கம்பு சத்தமில்லாமல் உருண்டு போயிற்று. மெல்லிய அடிப்பகுதி. அடி நுனியில் மட்டும் மூன்றங்குல நீளத்துக்கு வெடிப்பு. அதற்காகத்தான் எப்போதோ ஒதுக்கி வைத்திருந்தார்கள். மரத்தின் ரேகை முனைவரைக்கும் நேராக ஓடியது. வெட்டவேண்டியது மூன்றரை அங்குலம். வெடிப்பும் அதோடு போய்விடும்.

பதுளையில், ‘நானா’ என்று அண்ணன் முறை வைத்து அவர் கூப்பிடும் மொஹிதீனுடைய தச்சுப்பட்டறைக்கு அதை எடுத்துப் போனார். மொஹிதீன் கட்டில் கால் கடைந்துகொண்டிருந்தார்.

"முனைப்பக்கம் வெட்டவா, அடிப்பக்கம் வெட்டவா?" என்று கேட்டார்.

"முனையத் தொடவே கூடாது நானா. அங்க வெட்டினா நுனி தடிச்சுப்போகும், அப்புறம் பந்துல எங்க படுதுன்னே தெரியாது. அடியில வெட்டுங்க."

மூன்றே இழுப்பில் துண்டு கீழே விழுந்தது. வீரசிங்கம் கம்பை விரலில் வைத்து நிறுத்திப் பார்த்தார். எதிர்பார்த்தபடியே கெட்டுப்போயிருந்தது. அடியில் இருந்த பாரம் துண்டோடு போய்விட, முனை தலை கவிழ்ந்தது. இப்படியே ஆடினால் நுனி துணியைக் குத்தும்.

"அடியில துளை போட்டு ஈயம் வைக்கணும் நானா."

மொஹிதீன் துளையைப் போட்டு, ஒரு ஈயத்துண்டைத் தட்டி உள்ளே இறக்கினார். கிளப்புக்குக் கொண்டுபோய் அடித்துப் பார்த்தால், இந்தத் தரம் முனை மேலே மேலே எழும்பியது. பந்தின் தலையில் பட்டு வழுக்கியது. மறுநாள் திரும்பவும் பட்டறை. மொஹிதீன் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவரைப் பார்த்தார்.

"ஒரு வீட்டுக்குக் கூரை போட்டு முடிச்சிருப்பேன் வீரசிங்கம், இந்த நேரத்துக்கு."

"கொஞ்சமா எடுங்க நானா. பாதி போதும்."

பாதியை எடுத்தார்கள். பிறகு அதிலும் சுண்டுவிரல் நகமளவு எடுத்தார்கள். ஒவ்வொரு தரமும் வீரசிங்கம் பட்டறை மேசை மேல் இடது கையை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு கியூவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தார். நாலாவது தரம், ஓட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை. கம்பு கையில் இருப்பதே தெரியவில்லை அவருக்கு. முழங்கையிலிருந்து கை தொங்கி ஆடுகிறது, அதோடு ஏதோ ஒன்று கூடவே போய் வருகிறது, அவ்வளவுதான். மொஹிதீனுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். துளையை அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவிக் கொடுத்தார்.

"ஆட்டம் எப்ப?"

"ஞாயித்துக்கிழமை நானா."

"நானும் வாரேன். இதுக்குப் பொறகு பாக்காம ஈக்க ஏலாது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பண்டாரவளைக்காரர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். பூவம்மா நீலச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் கிளப்புக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். சுந்தரலிங்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இருங்கம்மா" என்றார். அவள் நுனியில் உட்கார்ந்தாள். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

முதல் மூன்று ஆட்டத்தில் ஸரூக் தோற்றார், சுந்தரலிங்கம் தோற்றார், கிளார்க் ஜெயித்தார். கடைசி ஆட்டம் வீரசிங்கத்துடையது. எதிராளி ஓய்வுபெற்ற ஸ்கூல் மாஸ்டர், பெயர் இப்றாஹீம். நிதானமான ஆட்டக்காரர், அதிகம் பேசாதவர்.

தொடக்கத்தில் வீரசிங்கம் தடுமாறினார். மார்க்கர் பழக்கம்தான் விடவில்லை. மாஸ்டர் நீலப் பந்தைக் குழிக்குள் போட்டதும், வீரசிங்கம் கியூவைச் சுவரில் சாத்திவிட்டு ஓடிப்போய்ப் பந்தை எடுத்து இடத்தில் வைத்து, பலகையில் மாஸ்டருக்கு ஐந்து புள்ளி ஏற்றிவிட்டார். அறை முழுக்கச் சிரித்தது.

"மார்க்கர், நீங்க உக்காருங்க," என்றார் ஸரூக். "இன்னைக்கு அந்த வேல எனக்கு."

இரும்புக்கடை முதலாளி பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றார். வீரசிங்கம் உட்கார்ந்தார். தனக்காக இன்னொருவர் பந்து எடுத்து வைப்பதைப் பார்க்க அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் தன் முறை வந்து, எழுந்து போய், துணியில் இடது கையை ஊன்றிக் குனிந்ததும் அறையில் இருந்தவர்களெல்லாம் எங்கேயோ போய்விட்டார்கள். கியூ தன்பாட்டுக்குப் போய் வந்தது. ஒரு சிவப்பு விழுந்தது. கறுப்பு விழுந்தது. இன்னொரு சிவப்பு. தோள் இருப்பதே ஞாபகம் வரவில்லை.

பூவம்மாவுக்கு ஆட்டம் புரியவில்லை. எந்த நிறத்துக்கு எத்தனை புள்ளி என்று சுந்தரலிங்கம் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார். அவள் பார்த்துக்கொண்டிருந்தது புருஷனுடைய முழங்கையை. அது கயிற்றுக் கல் தொங்கியதுபோலத் தொங்குகிறதா என்பது ஒன்றுதான் அவளுக்குக் கணக்கு.

கடைசியில் மேசையில் இளஞ்சிவப்பும் கறுப்பும்தான் மிச்சம். வீரசிங்கம் ஒன்பது புள்ளி முன்னால் நின்றார். இளஞ்சிவப்புக்கு ஆறு, கறுப்புக்கு ஏழு. இளஞ்சிவப்பை மாஸ்டர் போட்டால் கறுப்பில் ஆட்டம் போய்விடலாம். இவர் போட்டால் இத்தோடு முடிந்தது. கியூவால் அடிக்கவேண்டிய வெள்ளைப் பந்து மேசையின் நட்டநடுவில் நின்றது. குட்டைக் கியூ வைத்திருப்பவனுக்கு அங்கேதான் கஷ்டம். எவ்வளவு சாய்ந்தாலும் எட்டாது. நீளக் கியூவாக இருந்தால் எட்டியிருக்கும் என்று கிளார்க் முணுமுணுத்தது காதில் விழுந்தது.

வீரசிங்கம் மேசைக்கு அடியிலிருந்து ரெஸ்ட் கம்பை எடுத்தார். எட்டாத பந்துக்குக் கியூவைத் தாங்கிப் பிடிக்க, நுனியில் பித்தளைச் சிலுவை வைத்த கம்பு அது. பெரிய ஆட்டக்காரர்கள் அதைத் தொட விரும்பமாட்டார்கள். இவர் இருபத்து மூன்று வருஷம் அதை எடுத்து எடுத்து நீட்டியவர். எந்தக் கோணத்தில் வைத்தால் ஆடாது என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. சிலுவையைத் துணியில் அமர்த்தினார். கியூவை அதன் மேல் வைத்தார். இரண்டு தரம் ஓட்டிப் பார்த்து, மூன்றாம் தரம் விட்டார்.

இளஞ்சிவப்பு மெதுவாகத்தான் போனது. குழிக்கு முன்னால் நின்றுவிடுமோ என்று மொஹிதீன் எழுந்தே நின்றுவிட்டார். பந்து விளிம்பைத் தாண்டி உள்ளே இறங்கியது.

இரண்டுக்கு இரண்டு. போட்டி சமனில் முடிந்தது. இரண்டு பக்கத்துக்காரர்களும் அது நல்ல முடிவு என்றே நினைத்தார்கள். இப்றாஹீம் மாஸ்டர் வந்து கை கொடுத்தார். கியூவை வாங்கி ஒரு தரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு இது புள்ளைகளுக்கு விளையாடக் குடுக்கிற மாதிரி ஈக்கி," என்றார். "உங்களுக்கு அச்சுல வார்த்த மாதிரி. யார் செஞ்சது?"

வீரசிங்கம் மொஹிதீனைக் காட்டினார். அளவெடுத்த கதையைக் கேட்டிருந்த மொஹிதீன் பூவம்மாவைக் காட்டினார். பூவம்மா தலையைக் குனிந்துகொண்டு தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தாள்.

வேன் போனபிறகு ஸரூக் வீரசிங்கத்தைக் கூப்பிட்டு, இனிமேல் புதன்கிழமைகளில் அவர் மெம்பராகவே வந்து ஆட வேண்டும், அன்றைக்குப் பலகைக்கு முறைபோட்டு ஒவ்வொருவராக நிற்பார்கள் என்று சொன்னார். வீரசிங்கம் சரியென்றார். துணியை மட்டும் அன்றைக்கும் தானே வாருவதாகச் சொன்னார். மற்றவர்கள் வாரினால் எதிர்ப்பக்கமாக வாரிவிடுவார்கள்.

வெயில் சாயும் நேரத்தில் இருவரும் லயத்துப் பக்கம் நடந்தார்கள். நமுனுகுல மலையில் மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. வழியில் ஒருவரும் இல்லை என்பதால் பூவம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டார் வீரசிங்கம்.

"தேத்தண்ணிதான் சரியில்ல. நாங்க பறிக்கிற கொழுந்துக்கு இப்பிடியா போடுவாங்க?" என்றாள் அவள். கொஞ்ச தூரம் நடந்தபிறகு, "புதன்கிழம நான் வந்து போட்டுக் குடுக்கவா?" என்று கேட்டாள்.

"நீ வந்தா உக்காந்து குடிக்கத்தான் வரணும்," என்றார் வீரசிங்கம்.

அவள் சிரித்தாள். இருவரும் ஏற்றத்தில் மெதுவாக ஏறினார்கள்.